ஆளுக்கு ஆள் மாறும் மெல்லல்: விழுங்குமுன் வாய்க்குள் நடப்பதைக் கண்டறியும் வழி

ஒரே அளவில் நறுக்கிய இரண்டு கேரட் துண்டுகளை இருவரிடம் கொடுத்தால், ஒருவர் சில நொடிகளில் மென்று விழுங்கிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டுவார். மற்றவர் அதைப்போல் இரண்டு மடங்கு மென்ற பிறகும் கன்னத்தை அசைத்துக்கொண்டிருப்பார். முன்னவரை அவசரக்காரர் என்றும் பின்னவரை மந்தமானவர் என்றும் பெயரிட்டுவிடுவது எளிது. உண்மையில் இந்த வேறுபாட்டில் குணத்துக்குள்ள பங்கு சிறியது. பற்கள், உமிழ்நீர், தாடைத் தசைகள், மூளைத்தண்டில் உருவாகும் தாளம் ஆகியவற்றின் பங்கே பெரியது. உங்கள் மெல்லல் எப்படிப்பட்டது, அது ஏன் அப்படி அமைந்தது, அதில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முயல்வது வீண் என்பவற்றை வீட்டிலேயே கண்டறிவதற்கான முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு கேரட், ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு வடிகட்டி, காணொளி எடுக்கக்கூடிய கைபேசி ஆகியவை போதும்.

எண்ணிக்கையை முதலில் ஒதுக்கி வையுங்கள்

மெல்லுவதைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் ஓர் எண் வந்து குறுக்கே நிற்கும். வாயில் 32 பற்கள் இருப்பதால் ஒவ்வொரு கவளத்தையும் 32 முறை மெல்ல வேண்டும் என்பது அவற்றுள் மிகப் பரவலானது. பற்களின் எண்ணிக்கைக்கும் கடிகளின் எண்ணிக்கைக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை. வாழைப்பழத்தை 32 முறை மெல்வதற்கு வாயில் பழமே மிஞ்சாது. அமெரிக்கரான ஹோரேஸ் பிளெட்சர் (1849–1919) இந்தப் போக்கை அதன் எல்லைக்கே கொண்டுசென்றார். உணவு நீர்மமாகித் தானே தொண்டைக்குள் இறங்கும்வரை மெல்ல வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் பேசி, அக்காலத்தின் பெயர்பெற்ற மனிதர்கள் பலரைத் தம் பக்கம் இழுத்தார். அவர் வழியில் உண்டவர்களுக்கு ஒரு வேளை உணவு எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே, அந்த இயக்கம் ஏன் நிலைக்கவில்லை என்பது விளங்கும்.

நம் பழமொழி இவ்விடத்தில் பிளெட்சரைவிடக் கூர்மையானது. "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்னும்போது அது உணவு சேர வேண்டிய நிலையைச் சொல்கிறதே தவிர, அதற்கு எத்தனை கடி என்று கணக்குக் கொடுக்கவில்லை. நூறு வயதுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆனால் அளக்க வேண்டியது நொறுங்கலை என்பதில் பழமொழியோடு உடன்படுகிறேன்.

விழுங்கத் தகுந்த நிலை என்றால் என்ன?

வாயிலிருக்கும் உணவு இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே விழுங்கத் தகுந்த கவளமாகிறது. துண்டுகள் போதிய அளவு சிறிதாக வேண்டும். அவை போதிய அளவு ஈரமாகி வழுக்க வேண்டும். 1988-இல் ஹட்சிங்ஸ், லில்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பாதையாக வரைந்து காட்டினார்கள். ஒவ்வோர் உணவும் தனக்குரிய கடினத்தோடும் ஈரத்தோடும் வாய்க்குள் நுழைந்து, காலம் செல்லச் செல்லக் கடினம் குறைந்து, ஈரம் கூடி, இரண்டு வரம்புகளையும் கடந்த பிறகு விழுங்கப்படுகிறது. உலர்ந்த ரொட்டி உடைவதற்கு நேரமாவதில்லை, நனைவதற்குத்தான் நேரமாகிறது. இறைச்சி தொடக்கத்திலேயே ஈரமாக இருந்தாலும் அதன் நார்கள் பிரிவதற்கு நேரமாகிறது. ஆகையால் ஒரே மனிதர் ரொட்டிக்கு வேகமானவராகவும் இறைச்சிக்கு மெதுவானவராகவும் இருக்கலாம்.

1997-இல் ஜான் பிரின்ஸும் பீட்டர் லூக்காஸும் இதற்கு மேலும் ஒன்றைச் சேர்த்தார்கள். துகள்கள் சிறிதாகி, அவற்றின் இடைவெளிகளை உமிழ்நீர் நிரப்பும்போது, அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாகத் திரள்கின்றன. அந்தப் பிணைப்பு உச்சத்தில் இருக்கும் தருணமே விழுங்குவதற்குப் பாதுகாப்பான தருணம். அதைத் தாண்டியும் மென்றுகொண்டிருந்தால் உமிழ்நீர் மிகுந்து உருண்டை கரைந்து தளர்கிறது. சிதறிய துகள் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும் வாய்ப்புக் கூடுகிறது. மெல்லுவதில் குறைவு என்று ஒன்று இருப்பதைப் போலவே மிகையும் உண்டு என்பது பிளெட்சரின் அன்பர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆளுக்கு ஆள் வேறுபாடு என்பதைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது, பெய்ரோனும் அவருடைய கூட்டாளிகளும் பிரான்சில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு. நல்ல பற்களுடைய இளையவர்களுக்குக் கடலை, கேரட் போன்ற இயற்கை உணவுகளைக் கொடுத்து, அவர்கள் விழுங்கப்போகும் கணத்தில் அதைத் துப்பச் சொல்லி, துகள்களைச் சலித்து அளந்தார்கள். மென்ற முறைகளும் எடுத்துக்கொண்ட நேரமும் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டன. ஆனால் இறுதியில் வாயிலிருந்து வெளிவந்த துகள்களின் அளவோ ஒவ்வோர் உணவுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கடலை வகைகள் எல்லார் வாயிலும் பொடியாகியிருந்தன. காய்கள் எல்லார் வாயிலும் அதைவிடப் பெரிய துண்டுகளாகவே இருந்தன. சேரும் இடம் பொது. நடை மட்டும் அவரவருடையது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது முக்கியமானது. கடைவாய்ப் பற்களை இழந்தவர்களும் கடிவிசை குறைந்தவர்களும் தங்கள் குறையை முழுவதும் ஈடுகட்டும் அளவுக்கு நீண்ட நேரம் மெல்வதில்லை. பெரிய துண்டுகளையே விழுங்கப் பழகிவிடுகிறார்கள். ஆகவே ஒருவர் வேகமாக விழுங்குகிறார் என்றால், அவர் திறமையாக மெல்பவராகவும் இருக்கலாம், மெல்ல முடியாமல் கைவிட்டவராகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கீழே உள்ள சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டும்.

சோதனையைச் செய்யும் முறை

கடும் பசியிலும் வயிறு நிறைந்த நிலையிலும் இதைச் செய்ய வேண்டாம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கேரட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். விழுங்குவதில் ஏற்கெனவே தொல்லை உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் இதில் இறங்கவே கூடாது.

பச்சைக் கேரட்டை விரல் நுனியளவுக்குச் சமமான துண்டுகளாக நறுக்குங்கள். கைபேசியை முகத்தின் பக்கவாட்டில் நிறுத்திக் காணொளி எடுக்கத் தொடங்கியபின், ஒரு துண்டை வாயிலிட்டு வழக்கம்போல் உண்ணுங்கள். கடிகளை நீங்களே மனத்துக்குள் எண்ணாதீர்கள். எண்ணத் தொடங்கியதும் மெல்லும் தாளம் மாறிவிடுகிறது; நான் முதன்முறை எண்ணியபோது எனக்கே தெரியாமல் ஒரு முழு எண்ணில் போய் நின்று விழுங்கினேன். காணொளியைப் பிறகு ஓட்டிப் பார்த்துத் தாடை ஏறி இறங்குவதை எண்ணுவதே நம்பத்தக்கது. மூன்று துண்டுகளுக்குக் கடிகளையும் நொடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வறுத்த கடலையில் நான்கைந்து பருப்புகளை எடுத்து இதையே மூன்று முறை செய்யுங்கள்.

இரண்டு செய்திகள் உடனே புலப்படும். ஒரே உணவுக்கு உங்கள் எண்ணிக்கை மூன்று முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மெல்லும் பழக்கம் ஒரு மனிதருக்குள் அவ்வளவு நிலையானது. நொடிக்கு ஒன்று முதல் இரண்டு கடி என்ற வேகமும் பெரிதாக மாறாது. ஏனெனில் அந்தத் தாளத்தை மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக் கூட்டம் ஒன்று, நடையின் தாளத்தைத் தண்டுவடம் பார்த்துக்கொள்வதைப் போல, நாம் நினைக்காமலே பார்த்துக்கொள்கிறது.

இனி, அருவருப்புப் படாமல் செய்ய வேண்டிய பகுதி. அதே அளவு துண்டை மென்று, விழுங்கத் தோன்றும் கணத்தில் வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் துப்புங்கள். அதை மெல்லிய வடிகட்டியிலிட்டுத் தண்ணீர் ஊற்றி அலசி, எஞ்சியதைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். ஆய்வகங்களில் நடப்பதும் அடிப்படையில் இதுவே; அங்கே சல்லடைகள் பல அடுக்காக இருக்கும், அவ்வளவுதான். கேரட் சில மில்லிமீட்டர் துணுக்குகளாக இருப்பதும், கடலை அதைவிட நுண்மையாக இருப்பதும் இயல்பு. பாதி உடைந்த பருப்புகளோ கடித்த தடமே இல்லாத கேரட் முனைகளோ கிடைத்தால், உங்கள் வேகம் திறமையால் வந்தது இல்லை என்று பொருள். கடைசியாக, வழக்கம்போல் ஒரு வாய் விழுங்கியபின் நாக்கை ஈறுகளின் மேல் ஓட்டி, எந்தப் பக்கம் மிச்சம் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் ஒரு பக்கத்தையே அதிகம் பயன்படுத்துகிறார்கள். அதனால் தனியாகத் தீங்கில்லை. மறுபக்கத்தில் மெல்லும்போது வலி எடுத்தால் மட்டும் அது பற்சிக்கலின் அறிகுறி.

காரணத்தை உங்கள் வாயில் தேடுதல்

முதலில் பற்களைப் பாருங்கள். எத்தனை பற்கள் இருக்கின்றன என்பதைவிட, மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களில் எத்தனை கீழ்வரிசைப் பற்களோடு பொருந்தி அமர்கின்றன என்பதே அரைக்கும் திறனை முடிவு செய்கிறது. எதிரில் இணையில்லாத கடைவாய்ப் பல், குழவியில்லாத அம்மியைப் போன்றது. பல்லின் வேரை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நாரடுக்கில் உள்ள உணர்நரம்புகள், ஒரு மணல் துகள் சிக்கினாலும் கண்டுகொண்டு அடுத்த கடியின் விசையைத் திருத்துகின்றன. முழுப் பற்செட்டு அணிந்தவர்களுக்கு இந்த உணர்வு இல்லை. இயற்கைப் பற்களுடையவர் செய்யும் அதே அளவு அரைவைக்கு அவர்களுக்குப் பல மடங்கு கடிகள் தேவைப்படும்.

அடுத்தது உமிழ்நீர். மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளும் எண்ணற்ற சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. மெல்லும்போது சுரக்கும் வேகம் மனிதருக்கு மனிதர் பல மடங்கு வேறுபடுகிறது. உங்களுக்கு உலர்ந்த ரொட்டியில் மட்டும் எண்ணிக்கை ஏறிக் கேரட்டில் ஏறவில்லை என்றால், இங்கேதான் காரணம் இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகள் வாயை உலர்த்துவது பலருக்குத் தெரிவதில்லை. திடீரென்று விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறது என்பவர்கள் அண்மையில் தொடங்கிய மாத்திரையை நினைவுகூரட்டும்.

வயதின் பங்கை அளந்திருக்கிறார்கள். பற்கள் முழுமையாக இருப்பவர்களிடமே, வயது ஏற ஏற ஒரு வாய்க்கான கடிகள் மெல்ல மெல்லக் கூடுகின்றன; பெய்ரோன் குழுவின் கணக்கில் அது பத்தாண்டுக்குச் சுமார் 3 கடி. தசை தளர்ந்ததை வாய் தன்னிச்சையாக ஈடுகட்டிக்கொள்கிறது. ஆகவே முதியவர் ஒருவர் முன்பைவிட நேரம் எடுத்து உண்டால் அதுவே உடல் சரியாகச் செயல்படுவதன் அடையாளம். அவரை அவசரப்படுத்துவது அந்த ஈட்டைக் கெடுப்பதாகும்.

குடும்பத்திலிருந்து வருவதும் உண்டு. பிரிட்டனில் 10 முதல் 12 வயதுள்ள இரட்டைக் குழந்தைகள் உண்ணும் வேகத்தை அளந்து 2008-இல் வெளியான ஆய்வு, வேறுபாட்டில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மரபுக்கு உரியதாகக் கணக்கிட்டது. உடன்பிறந்தாருடன் போட்டியிட்டு உண்டது, குறுகிய உணவு இடைவேளை, கைபேசியைப் பார்த்துக்கொண்டே உண்பது ஆகிய காரணங்களை எல்லாரும் சொல்வார்கள். அவற்றுக்கும் பங்குண்டு, ஆனால் அவற்றை மட்டும் பழிப்பது சரியாகாது.

நொறுக்குவோர், சவைப்போர், நசுக்குவோர், சப்புவோர்

உடற்கூறு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. இருவருக்கும் நல்ல பற்களே இருந்தும், ஒருவர் மிட்டாயைக் கடித்து உடைப்பார், மற்றவர் கரையும்வரை வைத்திருப்பார். அமெரிக்காவில் ஜெல்டெமா, பெக்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மனிதர்களை அவர்கள் உணவை வாயில் கையாள விரும்பும் விதத்தைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் இரு வகையினர் பற்களை நம்புவோர்: உடையும் ஓசையையும் விசையையும் விரும்பி விரைவில் நொறுக்கித் தள்ளுவோர் ஒரு வகை, எளிதில் உடையாத உணவை நெடுநேரம் மெல்வதில் நிறைவடைவோர் மற்றொரு வகை. மற்ற இரு வகையினர் நாக்கையும் அண்ணத்தையும் நம்புவோர்: மென்மையான உணவை மேலண்ணத்தில் அழுத்தி நசுக்கிப் பரப்புவோர், கடினமானதைக் கடிக்காமல் சப்பிக் கரைப்போர்.

இந்த வகைப்பாட்டைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட மகிழ்ச்சியே மிகுந்தது. தமிழில் நொறுக்குதல், சவைத்தல், நசுக்குதல், சப்புதல் என்று நான்குக்கும் தனித்தனி வினை ஏற்கெனவே இருக்கிறது. போதாக்குறைக்குக் கொறித்தல், குதப்புதல், அதக்குதல் வேறு. உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்று உணவையே வாயின் வேலையைக் கொண்டு பிரித்த மொழியல்லவா இது.

உங்கள் வகையை அறிய, தனியே இருக்கும்போது ஒரு கடின மிட்டாயையும் ஒரு துண்டு ஆப்பிளையும் ஒரு கரண்டி தயிரையும் ஒன்றன்பின் ஒன்றாக உண்டு பாருங்கள். மிட்டாயை எப்போது கடிக்கிறீர்கள், ஆப்பிளின் சாற்றை முதலில் உறிஞ்சுகிறீர்களா, தயிரை நேரே விழுங்குகிறீர்களா, அண்ணத்தில் தேய்த்துச் சுவைக்கிறீர்களா என்பவை போதிய சான்று தரும். ஒருவர் எல்லா உணவுக்கும் ஒரே வகையில் நிற்பதில்லை. ஆனால் எதிர்பாராத உணவு வந்தால் எந்த முறைக்குத் திரும்புகிறார் என்பது அவருடைய இயல்பைக் காட்டும். சவைப்பதில் மகிழ்பவருக்கு விரைந்து கரையும் உணவு நிறைவு தராததும், நசுக்கி உண்பவர் நார்மிகுந்த இறைச்சியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதும் இதனால்தான்; அதைச் சமைத்தவர் மேலுள்ள குறையாகக் கருத வேண்டியதில்லை.

திருத்த விரும்பினால்

வடிகட்டியில் பெரிய துண்டுகளைக் கண்டவர்களும், உண்டு முடித்தபின் நெஞ்சில் அடைத்தாற்போல் உணர்பவர்களும், அளவுக்கு மேல் உண்டுவிடுவதாக வருந்துபவர்களும் திருத்த முயல்வதில் பொருளுண்டு. மற்றவர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

மெதுவாக மெல்வதால் பயன் உண்டா என்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. 2011-இல் சீனாவில் இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு வாயையும் 15 முறை மென்றபோதைவிட 40 முறை மென்றபோது அந்த வேளையில் உட்கொண்ட ஆற்றல் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. 2009-இல் பாதாம் பருப்பை 10, 25, 40 என மூன்று அளவில் மெல்லவைத்துப் பார்த்தபோது, 40 முறை மென்றவர்களுக்குப் பசி நன்றாக அடங்கியது. 10 முறையோடு விழுங்கியபோது, உடையாத உயிரணுக்களில் சிறைப்பட்ட கொழுப்பில் ஒரு பகுதி உடலில் சேராமலே மலத்தோடு வெளியேறியது. இவை ஆய்வுக்காக விதித்த எண்கள். இவற்றை உணவு மேசைக்குக் கொண்டுவந்து எண்ணிக்கொண்டிருந்தால், உண்பதன் இன்பம் இரண்டே நாளில் போய்விடும், பழக்கமும் நிற்காது.

எண்ணிக்கையை நேராக மாற்றுவதைவிட, அதைத் தீர்மானிக்கும் மற்றவற்றை மாற்றுவது எளிது. வாயில் இடும் அளவைக் குறைப்பது அவற்றுள் முதன்மையானது: சிறிய வாய்க்குக் கடிகள் சற்றுக் குறையும், ஆனால் ஒரு கிராம் உணவுக்கான மெல்லல் கூடிவிடும். சிறிய கரண்டியை எடுத்துக்கொண்டு, வாயிலுள்ளது முழுவதும் இறங்கும்வரை அடுத்ததை அள்ளாமல் கையைத் தட்டிலேயே வைத்திருங்கள். வேகமாக உண்பவர்களின் காணொளியைப் பார்த்தால், தாடை வேகமாக அசைவதைவிட, முதல் வாய் முடியுமுன் அடுத்த வாய் வந்து அதைத் தள்ளுவதே தெரியும். கடினமான காய்களைப் பெரிதாக நறுக்கிப் பரிமாறுவதும் உதவும். மசித்த உணவு மெல்லுவதற்கு வேலையே வைப்பதில்லை. கடித்ததை விழுங்கத் தண்ணீரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். தாகத்துக்குக் குடிப்பது வேறு, அரைபடாததை அடித்து உள்ளே தள்ளுவது வேறு.

இதற்கு எதிர்த்திசையில் திருத்தம் வேண்டுவோரும் உண்டு. உலர்ந்த வாயால் ஒவ்வொரு கவளத்தோடும் போராடுபவர்கள் இன்னும் மெல்ல முயல்வதால் பயனில்லை; ரொட்டியில் வெண்ணெய் தடவினாலோ உணவில் குழம்பு போன்ற ஈரத்தைச் சேர்த்தாலோ தேவையான கடிகள் குறைகின்றன என்பது அளந்து அறியப்பட்டது. பல் இழந்தவர்களுக்கும் அறிவுரையால் ஆவது ஒன்றுமில்லை. பல் கட்டுவதும், அதுவரை உணவைச் சிறிதாக நறுக்கித் தருவதுமே வழி. தாடை மூட்டில் வலியோ வாயைத் திறக்கும்போது பூட்டிக்கொள்ளும் உணர்வோ உள்ளவர்கள் நீண்ட நேரம் மெல்லும் பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது.

உடன் உண்பவர்களைப் பற்றி

குழந்தைகளிடம் மெல்லச் சொல்லி அதட்டுவதற்கு முன், அவர்களின் 20 பாற்பற்களில் கடைவாய்ப் பற்கள் சுமார் இரண்டரை வயதுக்குள்தான் முழுமையாக முளைக்கின்றன என்பதையும், அவற்றை வைத்து அரைக்கப் பழகுவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். முழுக் கடலை, உருண்டையான பழங்கள், கடினமான பச்சைக் காய்த்துண்டுகள் ஆகியவற்றை மிகச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. கன்னத்தில் உணவை அதக்கி வைத்திருக்கும் குழந்தை பெரும்பாலும் அடம்பிடிக்கவில்லை. வாயிலுள்ளது இன்னும் கவளமாகவில்லை.

இன்னொருவர் மெல்லும் ஓசை தாங்க முடியாத எரிச்சலைத் தருவது சிலருக்கு உண்மையான துன்பம். தான் மெல்லும் ஓசை ஒருவருக்கு மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் காற்றின் வழியாகவும் சேர்ந்து கேட்பதால், மற்றவர் காதில் அது எப்படி விழுகிறது என்பது அவருக்கே தெரியாது. காணொளியை ஒலியோடு ஒருமுறை கேட்பது பல சண்டைகளைத் தவிர்க்கும்.

சில மாற்றங்களைப் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. சில வாரங்களுக்குள் மெல்லும் நேரம் கண்கூடாக நீண்டிருந்தாலும், உண்ணும்போது அடிக்கடி இருமலோ புரையேறுதலோ வந்தாலும், உணவு நெஞ்சில் சிக்கி நின்றாலும், விழுங்கியபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், மருத்துவரிடம் செல்லுங்கள். எப்போதும் நீண்ட நேரம் மென்று, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, இறைச்சியையும் ரொட்டியையும் தவிர்த்துவரும் இளைஞர் சிலருக்கு உணவுக்குழாயில் அழற்சி இருப்பது பின்னர் தெரியவருவதுண்டு. அவர்கள் அதுவரை தங்களை நிதானமாக உண்பவர்கள் என்றே எண்ணியிருப்பார்கள்.

சோதனையில் குறித்த தாளைத் தேதியோடு எடுத்து வையுங்கள். பல் அடைத்தபின், புதிய பற்செட்டு வந்தபின், வாயை உலர்த்தும் மருந்து தொடங்கியபின் அதே அளவு கேரட்டைக் கொண்டு மறுபடி செய்தால், ஒப்பிடுவதற்கு உங்கள் பழைய எண் கையில் இருக்கும். பற்செட்டு பொருத்தியவரிடம் செல்லும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். சரியாக மெல்ல முடியவில்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட, இன்ன உணவுக்கு இத்தனை கடி கூடியிருக்கிறது, இன்ன பக்கத்தில் துண்டு அப்படியே எஞ்சுகிறது என்று சொன்னால், எந்தப் பல்லின் உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதை அவர் தேடுவது எளிதாகும்.